"இது மாதிரி வேற உண்டா?": அனிமேயும் ஆசியத் தொடர்களும் பரிந்துரைப்பது பற்றி ஓர் எளிய விளக்கம்

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ கல்லூரி மாணவர்கள் கூடுமிடத்தில், கொரியத் தொடர் ஒன்றைப் பார்த்து முடித்தவர் அடுத்துக் கேட்கும் கேள்வி பெரும்பாலும் "இது மாதிரி வேற உண்டா?" என்பதாகத்தான் இருக்கும். கேட்ட மாத்திரத்தில் நண்பரிடமிருந்து ஒரு நீண்ட பட்டியல் கைப்பேசிக்கு வந்து சேரும். வாங்கியவர் அதில் ஒரு பெயரைக்கூடத் தொட்டுப் பார்ப்பதில்லை. கொடுத்தவரோ தம் கடமை முடிந்ததென்று இருந்துவிடுகிறார். பட்டியல் கொடுப்பது எளிது, பரிந்துரைப்பது சற்றுக் கடினம். ஒருவருக்கு ஏற்கெனவே பிடித்த படைப்பில் எந்த இழை அவரைப் பிடித்து நிறுத்தியது என்று கண்டறிந்து, அந்த இழை ஓடும் இன்னொரு படைப்பை, அதைப் பார்ப்பதற்கு அவர் கொடுக்க வேண்டிய விலையையும் சேர்த்துச் சொல்வதே பரிந்துரை. இங்கே விலை என்று குறிப்பிடுவது சந்தா பணத்தை மட்டுமன்று. நேரம், மொழி, மனவலி ஆகிய மூன்றும் அதில் அடங்கும்.

முதலில் இழையைப் பார்ப்போம். 2021 செப்டம்பரில் வெளிவந்த ‘ஸ்குவிட் கேம்’ என்னும் கொரியத் தொடரின் முதல் சீசனில் ஒன்பது எபிசோடுகள் உண்டு. கடனில் மூழ்கிய 456 பேர் உயிரைப் பணயம் வைத்துச் சிறுவர் விளையாட்டுகளை ஆடுகிறார்கள். இத்தொடர் பிடித்திருந்ததாக மூன்று பேர் சொன்னால், மூவருக்கும் பிடித்தது ஒன்றேதான் என்று எடுத்துக்கொள்ள முடியாது. அடுத்த ஆட்டம் என்ன, அதிலிருந்து எப்படித் தப்புவது என்னும் பதற்றம் ஒருவரைக் கட்டிப்போட்டிருக்கலாம். அவருக்கு 2020-இல் வந்த ‘ஆலிஸ் இன் பார்டர்லேண்ட்’ என்னும் ஜப்பானியத் தொடர் பொருந்தும். கடன்பட்ட மனிதன் படும் அவமானம் இன்னொருவரை உலுக்கியிருக்கலாம். அவருக்குக் கடனைத் தீர்க்கலாம் என்று ஆசை காட்டிச் சூதாட்டக் கப்பலில் ஏற்றப்படும் இளைஞனின் கதையான ‘கைஜி’ என்னும் 2007-ஆம் ஆண்டு அனிமே (ஜப்பானிய அசைவூட்டத் தொடர்) உகந்தது. மேல்தட்டுக்கும் கீழ்த்தட்டுக்கும் இடையிலான இடைவெளியைக் கவனித்துப் பார்த்தவர் மூன்றாமவர் என்றால், 2020-இல் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் விருது பெற்ற போங் ஜூன்-ஹோவின் ‘பாரசைட்’ படத்தை அவரிடம் தாராளமாகச் சொல்லலாம். அந்தப் படத்தில் ஆட்டமும் இல்லை, போட்டியும் இல்லை. ஆகவே அதை முதலாமவரிடம் கொடுத்தால் அரை மணி நேரத்தில் நிறுத்திவிடுவார். படைப்பின் மீது அதில் குற்றம் ஏதுமில்லை.

விளையாட்டு அனிமேக்களில் இந்த வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரியும். தூத்தூர், இனயம், வள்ளவிளை போன்ற நம் குமரி மாவட்டக் கடற்கரை ஊர்களில் கால்பந்து எந்த அளவுக்கு ஊறிப்போயிருக்கிறது என்பதை மாவட்டத்தில் அறியாதவர் இல்லை. அங்குள்ள ஓர் இளைஞரிடம் "கால்பந்து அனிமே" என்று சொன்னதும் எல்லாரும் நீட்டுவது 2022-இல் தொடங்கிய ‘புளூ லாக்’ தொடரைத்தான். அது கோல் அடிப்பவனின் தன்முனைப்பைக் கொண்டாடும் கதை. உண்மையான ஆட்ட உத்தியை எதிர்பார்ப்பவருக்கு அது மிகையாகத் தோன்றக்கூடும். தோற்றுக்கொண்டிருக்கும் அணியைப் பயிற்சியாளர் ஒருவர் எப்படி நிமிர்த்துகிறார் என்பதைச் சொல்லும் 2010-ஆம் ஆண்டின் ‘ஜயன்ட் கில்லிங்’ அப்படிப்பட்டவருக்குரியது. அணி ஒற்றுமையும் தோழமையும்தான் இழை என்றால், கால்பந்தையே விட்டுவிட்டுக் கைப்பந்தை மையமாகக் கொண்ட ‘ஹைக்யூ’ தொடருக்குப் போவது நல்லது. ஒரே விளையாட்டு என்பதற்காக ஒன்றைச் சொல்வதைவிட, ஒரே உணர்வு என்பதற்காக வேறு விளையாட்டைச் சொல்வது பல நேரங்களில் சரியாக அமைந்துவிடுகிறது.

இதையெல்லாம் ஓடிடி தளங்களே செய்கின்றனவே என்று கேட்கலாம். "இதைப் பார்த்தவர்கள் இதையும் பார்த்தார்கள்" என்னும் கணக்கே அவற்றின் பரிந்துரைகளுக்கு அடிப்படையான முறைகளில் ஒன்று. உங்களைப் போலவே பலவற்றைப் பார்த்த ஆயிரக்கணக்கானோர் வேறு எதைப் பார்த்து முடித்தார்கள் என்று தேடி, அதை உங்கள் முன் வைக்கிறது. இந்தக் கணக்கைத் தன் அமைப்பைவிடப் பத்து விழுக்காடு மேம்படுத்துவோருக்குப் பத்து லட்சம் டாலர் தருவதாக நெட்ஃபிளிக்ஸ் 2006-இல் அறிவித்து, 2009-இல் பரிசையும் வழங்கியது. ஆனால் நீங்கள் ஒரு தொடரை முழுதாகப் பார்த்ததற்குக் காரணம் கதையா, கதாநாயகனா, காய்ச்சலில் படுத்திருந்தபோது மாற்றுவதற்குச் சோம்பலா என்பது அதற்குத் தெரியாது. நண்பர் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியும். மனிதப் பரிந்துரைக்கு இன்றும் இடமிருப்பது இதனால்தான்.

கேட்க வேண்டியவை அதிகமில்லை. கடைசியாக விருப்பத்தோடு பார்த்து முடித்தது எது என்பதும், பாதியில் விட்டது எது, ஏன் விட்டார் என்பதும், எப்போது, யாருடன் அமர்ந்து பார்க்கிறார் என்பதும் தெரிந்தால் போதும். இவற்றில் இரண்டாவதே மிகப் பயனுள்ளது என்பது என் கருத்து. பிடித்ததைப் பற்றி மக்கள் பொதுவாகப் பேசுவார்கள். பிடிக்காததைப் பற்றித் துல்லியமாகப் பேசுவார்கள். "நல்லா இருந்துச்சு" என்பதில் தகவல் இல்லை. "ரெண்டு பேரும் பேசித் தீர்த்தா முடிஞ்சிரும், பேசாம பதினாறு எபிசோடு ஓட்டுதான்" என்பதில் ஏராளமான தகவல் இருக்கிறது.

தக்கலையில் இருக்கும் ஒரு மாமியை எடுத்துக்கொள்வோம். புதுயுகம் தொலைக்காட்சியில் கொரியத் தொடர்கள் தமிழில் ஒளிபரப்பான காலத்தில் ‘பாய்ஸ் ஓவர் ஃபிளவர்ஸ்’ பார்த்தவர் அவர். "மக்களே, அந்த நாலு பையம்மாரு கதை மாதிரி ஒண்ணு சொல்லு" என்று மருமகளிடம் கேட்கிறார். புதிதாக எதையோ தேடுவதற்கு முன், அந்தக் கதையின் பயணத்தையே மருமகள் சொல்லலாம். யோகோ காமியோ 1992-இல் தொடங்கிய ‘ஹானா யோரி டாங்கோ’ என்னும் ஜப்பானிய மங்காதான் (சித்திரக்கதை) அதன் மூலம். 2001-இல் தைவானில் ‘மீட்டியர் கார்டன்’ என்ற பெயரில் தொடரானது. 2005-இல் ஜப்பானிலும், 2009-இல் கொரியாவிலும், 2018-இல் சீனாவிலும், 2021-இல் தாய்லாந்திலும் மீண்டும் எடுக்கப்பட்டது. ஒரே ஏழைப் பெண், ஒரே நான்கு பணக்கார மாணவர்கள், ஐந்து நாடுகள். கதை தெரிந்திருப்பதால் சப்டைட்டில் ஓடிவிட்டாலும் மாமிக்குத் தடுமாற்றம் இராது; ஒவ்வொரு நாட்டின் வீடும் உடையும் சாப்பாட்டு மேசையும் எப்படி மாறுகின்றன என்பதில் கண் போகும். ஆசியத் தொடர்களுக்குள் நுழைய இதைவிட அகலமான வாசல் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அந்த நாயகனின் முரட்டுத்தனம் பிடிக்காமல் போனவர் மாமி என்றால், இந்த ஐந்தில் எதுவும் உதவாது. வேறு பாதைதான் பார்க்க வேண்டும்.

இனி விலைக்கு வருவோம். நேரத்தைக் கணக்கிடுவது எளிது, ஆயினும் பரிந்துரைப்பவர்கள் அதைச் சொல்வதே இல்லை. ஜப்பானில் தொலைக்காட்சி அனிமேக்கள் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று ஆண்டுக்கு நான்கு பருவங்களாக வருகின்றன. ஒரு பருவத்துக்குப் பன்னிரண்டு அல்லது பதின்மூன்று எபிசோடுகள், ஒவ்வொன்றும் சுமார் 24 நிமிடம். அதாவது ஒரு பருவத் தொடர் ஐந்து மணி நேரத்தில் முடிந்துவிடும். வழக்கமான கொரியத் தொடர் பதினாறு எபிசோடு, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்கு மேல். சீனத்து வரலாற்றுத் தொடர்கள் நாற்பது, ஐம்பது எபிசோடுகள் வரை நீளும். ‘நருட்டோ’ முதல் தொடர் 220 எபிசோடுகள், அதன் தொடர்ச்சியான ‘ஷிப்புடென்’ 500 எபிசோடுகள். 1999 அக்டோபரில் தொடங்கிய ‘ஒன் பீஸ்’ ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. அரசுப் பணித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் ஒருவரிடம் ‘ஒன் பீஸ்’ தொடங்கச் சொல்வது நட்பாகாது. இரவுப் பணி முடிந்து வரும் செவிலியருக்கும், விடியுமுன் பால் வெட்டப் போகும் குலசேகரம் பக்கத்து ரப்பர்த் தொழிலாளிக்கும், ஒவ்வொரு எபிசோடும் தன்னளவில் முடிந்துவிடுகிற ‘மிட்நைட் டைனர்’ போன்ற ஜப்பானியத் தொடர் ஏற்றது. நள்ளிரவில் திறக்கும் ஒரு சிறு உணவகம், அங்கு வரும் ஒருவர், அவர் கேட்கும் ஒரு பதார்த்தம், அரை மணி நேரத்துக்குள் ஒரு வாழ்க்கை. இடையில் ஒரு வாரம் விட்டுப் போனாலும் எதுவும் குடிமுழுகாது.

மொழியைப் பொறுத்தவரை குமரி மாவட்டத்துக்காரர்கள் ஒரு விதத்தில் கொடுத்து வைத்தவர்கள். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த பகுதி இது. களியக்காவிளையையும் மார்த்தாண்டத்தையும் சுற்றியுள்ளவர்கள் மலையாளப் படத்தை மலையாளத்திலேயே பார்த்துப் பழகியவர்கள். வேறு மொழியின் ஓசையைக் காதால் கேட்டுக்கொண்டே கதையைப் பின்தொடரும் பழக்கம் அவர்களிடம் ஏற்கெனவே உண்டு. ஆகவே சப்டைட்டிலைப் பார்த்து மிரளுபவர் என்று யாரையும் முன்கூட்டியே முடிவு செய்துவிட வேண்டியதில்லை. அதே சமயம் சமையல் செய்துகொண்டோ பூத் தொடுத்துக்கொண்டோ பார்ப்பவருக்குக் கண் திரையில் நிலைக்காது; அவருக்குத் தமிழ் டப்பிங் வேண்டும். ‘ஸ்குவிட் கேம்’, ‘சோலோ லெவலிங்’ போன்றவை தமிழிலேயே கிடைக்கின்றன. டப்பிங் பார்ப்பவரை இளக்காரமாக நோக்கும் வழக்கம் அனிமே ரசிகர்களிடையே உண்டு. அதற்கு எந்த நியாயமும் இல்லை. ஹங்காமா அலைவரிசையில் ஷின்சானின் தமிழ்க் குறும்புப் பேச்சைக் கேட்டு வளர்ந்த தலைமுறைதான் இன்று மூலக் குரலே உயர்ந்தது என்று வாதாடுகிறது.

மூன்றாவது விலை மனவலி. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் மாவட்டத்தில் இது வெறும் மரியாதைக்காகச் சொல்லப்படும் எச்சரிக்கை ஆகாது. மகோட்டோ ஷின்காயின் ‘சுசுமே’ என்னும் அனிமே படம் 2022-இல் ஜப்பானில் வெளியானபோது, படத்தில் நிலநடுக்க எச்சரிக்கை ஒலி வருகிறது என்பதை முன்கூட்டியே பார்வையாளர்களுக்கு அறிவித்தார்கள். 2011 மார்ச் 11 அன்று நேர்ந்த நிலநடுக்கத்தையும் ஆழிப்பேரலையையும் அனுபவித்தவர்கள் அரங்கில் இருப்பார்கள் என்பதே காரணம். 2023-இல் இந்தியாவிலும் அப்படம் திரைக்கு வந்தது. ஜப்பானிய இயக்குநர் மியசாகியின் ‘போன்யோ’ குழந்தைகளுக்கான இனிய படம் என்றுதான் எங்கும் அறிமுகப்படுத்தப்படுகிறது. அதில் கடல் பொங்கி எழுந்து மலைச்சாலையில் ஓடும் காரைத் துரத்துகிறது, ஊரே நீருக்குள் போகிறது. 2004 டிசம்பர் 26 அன்று குளச்சலிலும் மணக்குடியிலும் உற்றாரை இழந்த குடும்பத்தில் ஒருவர் அந்தக் காட்சியை எவ்வாறு பார்ப்பார் என்று யோசிக்காமல், "குட்டிப் பிள்ளைகள் படம், சும்மா போடுங்க" என்று சொல்லிவிடக் கூடாது. மணக்குடிப் பாலத்தையே அலை அடித்துக்கொண்டு போன ஊர் அது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயலில் கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் வீடுகளும் இதே கரையில்தான் இருக்கின்றன. ஜேஜு தீவின் கடலில் மூழ்கிச் சங்கு, சிப்பி எடுக்கும் பெண்ணின் குடும்பத்தைச் சொல்லும் ‘வென் லைஃப் கிவ்ஸ் யூ டேஞ்சரின்ஸ்’ என்னும் 2025-ஆம் ஆண்டுக் கொரியத் தொடர், நம் கடற்கரைப் பெண்களுக்கு மிக நெருக்கமாகத் தோன்றக்கூடியது. அதனால்தான் அதைச் சொல்லும்போது கூடுதல் கவனம் தேவைப்படுகிறது.

இதற்குத் தீர்வு அத்தகைய படைப்புகளை மறைத்து வைப்பதாகாது. துயரத்தைத் திரையில் பார்ப்பது சிலருக்கு ஆறுதலாகவும் அமையும். அதை முடிவு செய்யும் உரிமை பார்ப்பவருக்குரியது. "இதில் கடல் பொங்கும் காட்சி உண்டு, யாரும் சாவதில்லை, எந்த இடத்தில் என்று வேண்டுமானால் சொல்கிறேன்" என்று ‘போன்யோ’ பற்றிச் சொன்னால் போதும். பெயரளவில் "எச்சரிக்கை: துயரமான காட்சிகள்" என்று சொல்வதால் பயனில்லை, எது எவ்வளவு என்று சொல்வதே உதவும்.

பெற்றோர் கேட்கும் பரிந்துரைகளில் இன்னொரு குழப்பம் நேர்கிறது. ‘ஷோனென்’, ‘ஷோஜோ’, ‘செய்னென்’, ‘ஜோசெய்’ என்னும் பெயர்களைப் பலர் கதை வகை என்றோ, வயதுச் சான்று என்றோ எண்ணிக்கொள்கிறார்கள். மூல மங்கா எந்த வாசகர்களுக்கான இதழில் வந்தது என்பதையே அவை குறிக்கின்றன: முறையே சிறுவர், சிறுமியர், வளர்ந்த ஆண்கள், வளர்ந்த பெண்கள். கொலைகளையே மையமாகக் கொண்ட ‘டெத் நோட்’ வெளிவந்தது 1968-இல் தொடங்கிய ‘ஷோனென் ஜம்ப்’ என்னும் சிறுவர் வார இதழில்தான். வயதைத் தீர்மானிக்க வேண்டுமானால் ஓடிடி தளங்களில் காட்டப்படும் யு/ஏ 7+, யு/ஏ 13+, யு/ஏ 16+, ஏ என்னும் குறிகளைப் பார்ப்பதே முறை. கார்ட்டூன் போலத் தெரிவதெல்லாம் குழந்தைகளுக்கானது என்று நம்புவோருக்கு ஒரு வரலாற்றுச் செய்தியைச் சொல்லலாம். ஜப்பானின் அனிமே நிறுவனமான கிப்லி 1988 ஏப்ரலில் ‘மை நெய்பர் டோட்டோரோ’, ‘கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃபிளைஸ்’ என்னும் இரண்டு படங்களை ஒரே காட்சியில் சேர்த்து வெளியிட்டது. முதலாவது நான்கு வயதுக் குழந்தையும் பார்க்கத் தகுந்தது. இரண்டாவது, போரில் அனாதையான அண்ணனும் தங்கையும் பசியோடு போராடும் கதை. பெரியவர்களே ஒரு முறை பார்த்தால் மறுமுறை பார்க்கத் தயங்குவார்கள்.

எப்படிச் சொல்வது என்பதில் சுருக்கமே நல்லது. ஒருவருக்கு ஒரு நேரத்தில் ஒரு படைப்பு; மிஞ்சினால் மாற்றாக இன்னொன்று. ஏன் அவருக்கு என்று ஒரு வாக்கியம், விலை பற்றி ஒரு வாக்கியம், எங்கிருந்து தொடங்குவது என்று ஒரு வாக்கியம். கதையின் திருப்பத்தைச் சொல்லாமல் இருப்பது மட்டும் போதாது. "திருப்பம் ஒன்று இருக்கிறது, பார்த்துக்கொள்" என்று சொல்வதும் அரைவாசி ஸ்பாய்லரே, அதாவது கதையை முன்கூட்டியே போட்டு உடைப்பதே. மூன்று எபிசோடு பார்த்துவிட்டு முடிவு செய் என்று அனிமே ரசிகர்கள் வழக்கமாகச் சொல்வதுண்டு. 2011-இல் வந்த பன்னிரண்டு எபிசோடு ‘மடோகா மாஜிகா’ போன்றவற்றுக்கு அது சரியாகப் பொருந்தும், ஏனெனில் அதன் தொடக்கத்தை வைத்து அதை எடைபோட முடியாது. ஆனால் இருபத்தைந்தாம் எபிசோடில்தான் நன்றாகப் போகும் என்று ஒரு தொடருக்காக மன்றாட வேண்டியிருந்தால், அதை அந்த ஆளுக்குச் சொல்லாமலேயே விட்டுவிடலாம்.

இசையில் விலை குறைவு, நான்கு நிமிடம்தான். அதனால் தவறாகச் சொல்லிவிடுவோமோ என்ற அச்சமும் குறைவு. இழையைத் தேடும் வேலை மட்டும் அதேதான். எண்பதுகளில் வந்த இளையராஜா பாடல்களில் பேஸ் கிட்டாரின் ஓட்டத்தைத் தனியே கவனித்துக் கேட்பவர் நம்மிடையே பலர் உண்டு. அவர்களிடம் மரியா தகேயுச்சியின் ‘பிளாஸ்டிக் லவ்’ பாடலையும் (1984), மிகி மட்சுபாராவின் ‘மயோனகா நோ டோர்’ பாடலையும் (1979) கொடுத்துப் பாருங்கள்; அந்தக் காலத்து ஜப்பானிய நகர இசை பல பத்தாண்டுகள் கழித்து இணையத்தின் வழியாக உலகெங்கும் பரவியது ஏன் என்பது முதல் நிமிடத்திலேயே விளங்கிவிடும். தேவாலயப் பாடகர் குழுவில் கீபோர்டு வாசிப்பவருக்கு, கிப்லி படங்களுக்கு இசையமைத்த ஜோ ஹிசைஷியின் பியானோ இசை நெருங்கி வரும். பி.டி.எஸ். என்னும் கொரிய இசைக்குழுவைக் கேட்க விரும்புவோருக்கு எல்லாரும் 2020-இல் வந்த ‘டைனமைட்’ பாடலையே தருகிறார்கள். ஆடுவதற்கு அது நன்று. பாட்டின் வரிகளுக்காகக் கேட்பவர் என்றால் பிரிவையும் ஏக்கத்தையும் பாடும் ‘ஸ்பிரிங் டே’ பாடலை (2017), வரிகளின் பொருளையும் சேர்த்து அனுப்ப வேண்டும்.

சொன்னதோடு வேலை முடிவதில்லை. சில நாள் கழித்து "எங்க வரைக்கும் பாத்தீங்க?" என்று கேட்பது நல்லது, "பிடிச்சுதா?" என்று கேட்டால் மனம் நோகக் கூடாதென்று "கொள்ளாம்" (நல்லா இருக்கு) என்பார்கள், அதிலிருந்து எதையும் தெரிந்துகொள்ள முடியாது. நின்ற இடம் தெரிந்தால் காரணம் தானாக வெளிவரும். சோல் நகரத்துச் சந்து ஒன்றில் ஐந்து குடும்பங்கள் கூடி வாழும் ‘ரிப்ளை 1988’ தொடரை அண்டை வீட்டாரோடு ஒட்டி உறவாடும் ஒருவருக்குச் சொல்லியிருப்போம். அவர் மூன்றாம் எபிசோடோடு நின்றிருப்பார். மனிதர்கள் பிடிக்காமல் நிறுத்தினாரா, ஒவ்வொரு எபிசோடும் ஒரு திரைப்பட அளவுக்கு நீள்வதால் நிறுத்தினாரா என்று கேட்க வேண்டும். நீளம்தான் காரணம் என்றால் அதே அக்கம்பக்கத்து அன்பை இரண்டு மணி நேரத்தில் தரும் ஒரு படத்தைச் சொல்லலாம்: ஹிரோகாஸு கொரேயெடாவின் ‘அவர் லிட்டில் சிஸ்டர்’ (2015). கடலோர ஊர், பழைய வீடு, மூன்று அக்காள்மார், புதிதாக வந்து சேரும் ஒரு தங்கை. தமிழ் டப்பிங்கை எதிர்பார்க்க வேண்டாம், சப்டைட்டிலோடு பார்க்கச் சொல்லுங்கள்.